ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் பேரம் பேசாதீர்கள்

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் பதிவு எதுவும் போடல. இப்ப வந்திருக்கறது சண்டை போட. மெக்கானிக் கூட இல்ல, நம்ம கூடத்தான்.

விஷயத்தை முதல்லயே போட்டு உடைச்சிடறேன். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேருக்கு வர்றவர்கிட்ட நாம அடிச்சுப் பேசி இருநூறு முன்னூறு குறைக்கறோமே, அது அவர் லாபத்துலேர்ந்து மட்டும் போறதில்ல. பாதி அவர் நுரையீரல்லேர்ந்து போகுது, மீதி நம்ம கம்ப்ரஸர்லேர்ந்து போகுது. கம்ப்யூட்டரைக் குளிர வைக்க செம்புல ஒரு எவாப்பரேட்டர் செஞ்சு பார்க்கலாமேன்னு கிளம்பினதுல எனக்குத் தெரிஞ்ச உண்மை இது.

"கம்ப்யூட்டருக்கு எவாப்பரேட்டரா, உனக்கு வேற வேலை இல்லையா?"ன்னு வீட்ல கேட்டாச்சு, நீங்களும் கேட்டுடுங்க. :-) அதுக்கு பதில் சொல்லிட்டு மேல போறேன்.

மண்பானைத் தண்ணி ஏன் ஜில்லுன்னு இருக்கு? பானைக்கு வெளிய கசியற தண்ணி ஆவியாகறப்ப வெப்பத்தை எடுத்துகிட்டுப் போகுது. அவ்ளோதான் சமாச்சாரம். ஃப்ரிட்ஜ் அதையே ஒரு மூடின குழாய்க்குள்ள செய்யுது. தண்ணிக்குப் பதிலா கேஸ். புரொபேன் (மெக்கானிக் பாஷைல ஆர்290) சாதாரணக் காற்றழுத்தத்துல மைனஸ் 42 டிகிரிலயே கொதிச்சுடும். பழைய ஏசில இருந்த ஆர்22 மைனஸ் 41 கிட்ட, ஃப்ரிட்ஜ்ல பாக்கற ஆர்134ஏ மைனஸ் 26ல. இந்தக் கொதிக்கற இடத்தை ஐஸ் ட்ரேக்குப் பக்கத்துல வெச்சா அது ஃப்ரிட்ஜ். பிராசசர் தலை மேல ஒரு செம்புக் கட்டியா உக்கார வெச்சா அது ஃபேஸ் சேஞ்ச் கூலிங். 150 வாட் சூட்டை உறிஞ்ச, விநாடிக்கு சுமார் அரை கிராம் புரொபேன் அந்தக் கட்டிக்குள்ள கொதிச்சா போதும். அரை கிராம்! மூக்குப்பொடி டப்பால ஒரு சிட்டிகை எடுக்கற அளவுதான்.

இது ஏதோ வேலையத்த பசங்க கண்டுபிடிச்ச கிறுக்குத்தனம்னு நினைச்சுடாதீங்க. 1976ல வந்த கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டர் உள்ள ஃப்ரியான் கேஸ் ஓடித்தான் குளிர்ந்துச்சு. 1980களோட கடைசியில வானிலைக் கணிப்புக்காக டெல்லிக்கு வந்த கிரே எக்ஸ்-எம்பியும் அதே குடும்பம், அதே மாதிரி குளிர்பதனம். ஐபிஎம் 1997ல வெளியிட்ட எஸ்/390 ஜி4 மெயின்ஃப்ரேமுக்குள்ளயும் குளிர்பதன எந்திரம் இருந்துச்சு. 2000ஆம் வருஷ ஆரம்பத்துல கிரையோடெக்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி, ஏஎம்டி அத்லானை மைனஸ் 40 பக்கம் குளிர வெச்சு, ஏஎம்டியே 1 கிகாஹெர்ட்ஸ் சிப் வெளியிடறதுக்கு முன்னாடி 1 கிகாஹெர்ட்ஸ் மெஷினை அறிவிச்சாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச கதை கிரே-1 கதைதான். அதோட குளிர்பதன அமைப்பு ஆரம்பத்துல ஒழுகுச்சு. கேஸோட சேர்ந்து ஓடற எண்ணெய் கசிஞ்சு சர்க்யூட் போர்டு மேல படிஞ்சு ஷார்ட் ஆச்சு. குழாயை ஒழுகாம மூட புது வெல்டிங் முறைக்குப் போன பிறகுதான் சரியாச்சு. உலகத்துலயே வேகமான கம்ப்யூட்டர், அதுக்குள்ள எவ்வளவோ மூளை, ஆனா கடைசில எல்லாம் வந்து நின்ன இடம் ஒரு ஜாயிண்ட்! மென்பொருள் எழுதறவன் இதை ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டி வெச்சுக்கணும்.

*

நம்ம ஊருக்கு வருவோம். கடலூர்காரனுக்கு இந்த விஞ்ஞானம் புதுசே இல்ல. முதுநகர் துறைமுகம் பக்கம் போனா ஐஸ் ஃபேக்டரி இருக்கும். மீன் ஏத்தறதுக்கு வேண்டிய ஐஸ் கட்டி எல்லாம் அமோனியா கொதிச்சு வர்ற குளிர்லதான் உறையுது. அது மைனஸ் 33ல கொதிக்கும். ஆனா அங்க செம்புக் குழாயே பாக்க முடியாது, எல்லாம் இரும்புதான். ஏன்னா அமோனியா செம்பை அரிச்சுடும். அதனால ஐஸ் ஃபேக்டரி ஆளுங்களுக்கு பத்தவைக்கிற கலை வேற, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு வேற.

போட்டு இன்ஜின் வேலை பாக்கற ஒரு லேத்துப் பட்டறைல 50 மில்லி செம்பு ராடை வெட்டி, கடைஞ்சு, உள்ள சுருள் சுருளா பள்ளம் போட்டு வாங்கினேன். (செம்பு கடையறது லேசு இல்ல. இரும்பு மாதிரி பொறுபொறுன்னு வராது, டூல்ல சவ்வு மாதிரி ஒட்டும். லேத்துக்காரர் திட்டினதை இங்க எழுத முடியாது.) மேல ஒரு மூடி, உள்ள வர்ற கேப்பிலரிக் குழாய்க்கு ஒரு ஓட்டை, வெளிய போற சக்‌ஷன் குழாய்க்கு ஒரு ஓட்டை. இந்த மூணு இடத்தையும் பத்தவைக்கணும். அதுக்காக சிதம்பரத்துல கடை வெச்சிருக்கற ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். முப்பது வருஷமா இந்தத் தொழில்.

பத்தவைக்கறதுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. வெல்டிங்ல ரெண்டு துண்டும் உருகி ஒண்ணா சேரும். பிரேஸிங்ல செம்பு உருகாது. செம்பு உருக 1085 டிகிரி வேணும். ராடு அதுக்கு ரொம்ப முன்னாடியே உருகிடும். ரெண்டு சதவீதம் வெள்ளி, ஏழு சதவீதம் பாஸ்பரஸ் கலந்த செம்பு ராடுன்னா 643 டிகிரில இளக ஆரம்பிச்சு 788ல முழுசா தண்ணி ஆகும். ரெண்டு குழாய்க்கு நடுவுல 0.1 மில்லி சொச்சம் இடைவெளி விட்டா, உருகின ராடு விளக்குத் திரில எண்ணெய் ஏறற மாதிரி தானா உள்ள ஏறிடும். செம்புக்கும் செம்புக்கும் ஃப்ளக்ஸ் கூட வேண்டாம், ராடுல இருக்கற பாஸ்பரஸே அந்த வேலையைப் பாத்துக்கும். இரும்போட சேர்த்தா மட்டும் இந்த ராடு கூடாது. ஜாயிண்ட் நொறுங்கற மாதிரி ஆயிடும், அங்க வெள்ளி அதிகமா இருக்கற ராடும் ஃப்ளக்ஸும் வேணும்.

எவாப்பரேட்டர் கட்டில கூடுதலா ஒரு தொல்லை. பெரிய செம்புத் துண்டு சூட்டைக் குடிச்சுகிட்டே இருக்கும். மெல்லிசு குழாய்க்குப் போதற ஜ்வாலை இதுக்குப் பத்தாது. கட்டி முழுசையும் செக்கச் சிவக்க ஏத்தணும். ஒரு ஜாயிண்டை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனா முதல்ல வெச்சது திரும்ப இளகும். அண்ணன் மூணையும் ஒரே சூட்டுல முடிச்சார். ஜ்வாலையை எங்க காட்டறார், எப்ப விலக்கறார், ராடை எந்த நிறத்துல தொடறார்னு பாத்துகிட்டே இருந்தேன். நான் எழுதற கோடுல தப்பு பண்ணினா அன்டூ இருக்கு. அவருக்கு ரெண்டு விநாடிதான் டைம். அந்த ரெண்டு விநாடில அவர் கைக்குத் தெரிஞ்சது என் நாலு வருஷ இன்ஜினியரிங் டிகிரிக்குத் தெரியல.

*

இனிமேதான் மெயின் மேட்டர்.

செம்பை 700 டிகிரிக்கு ஏத்தினா வெளிப்பக்கம் கருப்பாகறது கண்ணுக்குத் தெரியும். உள்பக்கமும் அதே மாதிரி கருப்பாகுது, அது கண்ணுக்குத் தெரியாது. குழாய்க்குள்ள இருக்கற காத்துல ஆக்சிஜன் இருக்கே, அது சூடான செம்போட சேர்ந்து ஆக்சைடு ஆகுது. ஆறினதும் செதில் செதிலா உரியும். இதைத் தடுக்க ஒரே வழி, பத்தவைக்கும்போது குழாய்க்குள்ள நைட்ரஜனை மெதுவா ஓடவிடறது. மெதுவான்னா நெத்தில ஊதற மாதிரி, அவ்ளோ மெதுவா. ஆக்சிஜன் வெளிய போயிடும், கருப்பு வராது.

கடலூர்ல ஒரு சின்ன நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாடகைக்கு எடுத்துகிட்டுப் போயிருந்தேன். கட்டியில கை வைக்கறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட ஒரு சோதனை பண்ணலாமான்னு கேட்டேன். ஒரே குழாய்ல வெட்டின துண்டுகள், ஒரே ராடு, ஒரே டார்ச், ஒரே கை. ஒரு ஜாயிண்ட் நைட்ரஜன் இல்லாம, இன்னொண்ணு நைட்ரஜனோட. வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டும் ஒழுகாது. ஹேக்ஸா பிளேடால ரெண்டையும் நீளவாக்குல பொளந்து பாத்தோம். ஒண்ணு உள்ள அடுப்புக்கரி. விரலால தேய்ச்சா கையில ஒட்டுது. இன்னொண்ணு புதுக் குடம் மாதிரி செம்பு நிறம்.

நான் ஆச்சரியப்பட்டேன். அண்ணன் படல.

"தம்பி, நைட்ரஜன் விட்டா நல்லதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? டிரெய்னிங்லயே சொல்லிக் குடுத்தாங்க. சிலிண்டருக்கு யாரு காசு குடுப்பா? ஐந்நூறு சொன்னா முன்னூறுக்கு வர்றியாங்கறாங்க."

இந்தப் பதிவு எழுதக் காரணம் இந்த ஒரு பதில்தான். குறை கையில இல்ல, அறிவுலயும் இல்ல. நாம குடுக்கற கூலில இருக்கு.

அந்தக் கருப்புத் துகள் எங்க போகும்னு யோசிங்க. ஃப்ரிட்ஜ்ல கேப்பிலரின்னு ஒரு குழாய் இருக்கே, அதோட உள் விட்டம் முக்காவாசி 0.8 மில்லி பக்கத்துல இருக்கும். குண்டூசி நுழையற அளவு. ரெண்டு மூணு மீட்டர் நீளம். மொத்த கேஸும் அது வழியாத்தான் போகணும். வழில ஒரு ஃபில்டர் டிரையர் இருக்கு, அது பாதித் துகளைப் பிடிக்கும். பிடிக்காதது கேப்பிலரி வாயில போய் உக்காரும், இல்லேன்னா கம்ப்ரஸர் எண்ணெயோட சேர்ந்து சேறாகும். மூணு மாசம் கழிச்சு கூலிங் இல்லைன்னு திரும்ப கூப்பிடுவோம். "போன தடவை வந்த ஆளு ஏமாத்திட்டான்"னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவோம். அடுத்து வர்றவர்கிட்ட இன்னும் நூறு ரூபா குறைப்போம்.

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் இருபது வருஷம் ஓடுச்சே, எந்த நைட்ரஜன் விட்டாங்க?"ன்னு ஒருத்தர் கட்டாயம் கேப்பீங்க. நியாயமான கேள்வி. அந்தக் காலத்து கேஸோட போனது மினரல் ஆயில். ஆர்134ஏ வந்தப்ப கூடவே வந்தது பாலியெஸ்டர் எண்ணெய். அது நல்லா கழுவும் குணம் உள்ளது. குழாய்ச் சுவத்துல ஒட்டிகிட்டு சும்மா கிடந்த அழுக்கையும் உரிச்சு எடுத்து ஊர்வலம் விடும். ஈரத்தையும் உறிஞ்சும். தவிர, ஃபேக்டரில போட்ட ஜாயிண்ட் வேற, சமையல்கட்டு மூலையில குனிஞ்சு உக்காந்து போடற ஜாயிண்ட் வேற. கடலோர ஊர்ல உப்புக்காத்து ஏசி வெளி யூனிட்டோட அலுமினியத் தகட்டை அரிச்சுத் தள்ளறதால ரிப்பேருக்கும் பஞ்சமில்ல. ஒவ்வொரு ரிப்பேருக்கும் உள்ள போற கரி கூடிகிட்டே போகும்.

*

கம்ப்ரஸர் போனா போகட்டும், வேற வாங்கிக்கலாம். ஆள் போனா?

தமிழ்ல "பொடி வெச்சுப் பேசறான்"னு சொல்றோமே, அது தட்டார் பட்டறைலேர்ந்து வந்த பேச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. நகையில பத்துப்பொடி வெச்சு, ஊதுகுழலால ஜ்வாலையைத் திருப்பி ஊதிப் பத்தவைப்பாங்க. நம்ம பதிவுலக உள்குத்துக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அந்தப் பொடிதான். :-) அதே பட்டறைல இன்னொரு கதையும் இருக்கு. ஒரு காலத்துல நகைக்கடை போர்டுல எல்லாம் "கேடிஎம்"னு போட்டிருக்குமே, ஞாபகம் இருக்கா? அது காட்மியம். தங்கத்தோட மாத்து குறையாம பத்தவைக்கறதுக்காக காட்மியம் சேர்த்தாங்க. அந்தப் புகை பொற்கொல்லர்களோட நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாழாக்கும்னு பேச்சு வந்துச்சு. ஹால்மார்க் முறை காட்மியத்தை ஏத்துக்கல. இன்னைக்கு கேடிஎம்னு சொன்னா நாமே வேண்டாம்கறோம்.

நகைக்கு வேண்டாம்னு சொன்னோம். ஃப்ரிட்ஜுக்கு?

சில்வர் ராடுல பழைய வகை ஒண்ணு உண்டு. 45 சதவீதம் வெள்ளி, 24 சதவீதம் காட்மியம், மீதி செம்பும் துத்தநாகமும். 607 டிகிரில இளகி 618க்குள்ள தண்ணியா ஓடும். பத்தவைக்கறவங்களுக்கு அது தேன் மாதிரி, அவ்வளவு சுலபம். ஆனா காட்மியம் 767 டிகிரில கொதிச்சு ஆவியாயிடும். ஜ்வாலை கொஞ்சம் அதிகமா பட்டா போதும். சுவாசிச்ச அன்னைக்கு லேசா காய்ச்சல், உடம்பு வலி, ஃப்ளூ மாதிரிதான் இருக்கும். சில மணி நேரம் கழிச்சுதான் நுரையீரல்ல நீர் கோத்துக்கும். ஆளையே கொண்டு போயிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்கா போனா சிறுநீரகம் கெடும், புற்றுநோயும் வரும். ஐரோப்பிய யூனியன் 2011 டிசம்பர்லேர்ந்து பிரேஸிங் ராடுல காட்மியத்தைத் தடை பண்ணிடுச்சு. காட்மியம் இல்லாத ராடு தாராளமா கிடைக்குது. என்ன, அது உருக இன்னும் கொஞ்சம் சூடு கேக்கும், வெள்ளியைக் கூட்டினா விலையும் கூடும். மறுபடி அதே காசு.

அடுத்தது, உள்ள மிச்சமிருக்கற கேஸ். ஆர்22ல குளோரின் உண்டு. கேஸை முழுசா எடுக்காம ஜ்வாலையைக் காட்டினா ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோஃப்ளூரிக் அமில ஆவி வரும், கூடவே கொஞ்சம் ஃபாஸ்ஜீனும். முதல் உலகப் போர்ல ஆயுதமா வீசின அதே ஃபாஸ்ஜீன்தான். ஆர்134ஏல குளோரின் இல்ல, ஆனா ஃப்ளூரின் உண்டு, அமில ஆவி அப்பவும் வரும்.

இப்ப நிலைமை இன்னும் மாறிடுச்சு. புது ஃப்ரிட்ஜ்கள்ல பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஏசில ஆர்32, அது லேசா எரியும். 2012லேர்ந்து நம்ம நாட்ல ஆர்290 புரொபேன் ஏசியும் விக்கறாங்க, அது நல்லாவே எரியும். இந்த கேஸ்கள் எல்லாம் வரவேண்டியதுதான். ஆர்22 ஓசோனை அரிக்குது, பூமியைச் சூடாக்கறதுல கரியமில வாயுவை விட 1810 மடங்கு. புரொபேன் வெறும் 3. 2025 ஜனவரியிலேர்ந்து ஆர்22 மாதிரி கேஸ் வெச்சு புது சாதனம் செய்யவே கூடாதுன்னு இங்க விதி. எல்லாம் சரி. ஆனா பழைய கேஸ் எரியாது, அதனால மெக்கானிக்கோட அவசரத்தை அது மன்னிச்சுது. புது கேஸ் மன்னிக்காது. காத்துல ஐசோபியூட்டேன் ரெண்டு சதவீதம் கூட இல்லாமலே தீப்பிடிக்கும். குழாயைப் பத்தவைக்கறதுக்கு முன்னாடி உள்ள நைட்ரஜன் விட்டு கேஸை விரட்டறது இனிமே தரம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. நைட்ரஜன் இல்லாதவர் லீக் டெஸ்டுக்கு என்ன பண்ணுவார்? ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரையே ஓட்டி காத்தை ஏத்துவார். உள்ள எரியற கேஸ், எண்ணெய், காத்து, அழுத்தம், சூடு. வெடிக்க வேற என்ன வேணும்? இன்னும் சிலர் கையில இருக்கற ஆக்சிஜன் சிலிண்டரையே குடுத்துடுவாங்க. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தா அது குண்டு.

ஆக நைட்ரஜன் மூணு வேலை பாக்குது. பத்தவைக்கறதுக்கு முன்னாடி கேஸை விரட்டும், பத்தவைக்கும்போது கரி பிடிக்காம காக்கும், முடிஞ்சதும் லீக் டெஸ்ட் பண்ணும். நாம மூச்சு விடற காத்துல முக்காலே மூணு வீசத்துக்கும் மேல... இல்ல, கணக்கு சரியா சொல்லணும்னா 78 சதவீதம் அதுதான். அதைத்தான் காசு இல்லைன்னு விட்டுடறோம்.

*

"மெக்கானிக்கே ஒரு சிலிண்டர் வாங்கி வெச்சுக்க வேண்டியதுதானே?" வாங்கலாம். ஆனா அவர் டிவிஎஸ் எக்ஸ்எல்ல போறவர். முன்னாடி டூல் பை, பின்னாடி கேஸ் கேன், ஒரு சின்ன டார்ச் செட். ஆளுயர நைட்ரஜன் சிலிண்டர் ஒரு மூட்டை நெல்லு கனம். சின்ன சிலிண்டர் உண்டு, அதுக்கு டெபாசிட், ரெகுலேட்டர், நிரப்பற செலவு, நிரப்ப ஊர் ஊரா அலைச்சல். வேக்கம் பம்ப் தனி. இத்தனையும் பண்ணி ஒரு வேலைக்கு இருநூறு ரூபா கூட்டிச் சொன்னா, நாம அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். நல்லா செய்யறவர் நஷ்டப்படுவார், கரியை உள்ள விட்டுட்டுப் போறவர் பொழைப்பார். சந்தையை இப்படி வெச்சிருக்கறது யாரு? வேற யாரு, நாமதான்.

என்னை ரொம்ப உறுத்தற இன்னொண்ணு. சிதம்பரத்துல ரயில்வே லைனுக்குக் கிழக்கால அண்ணாமலை நகர். 1929ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம். அங்க உற்பத்திப் பொறியியல் துறைல உலோகங்களை இணைக்கறதுக்குன்னே ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கு. உருக்காமலே சுழல் உராய்வுல அலுமினியத்தை ஒட்டற ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்ல அவங்க கட்டுரைகளை உலகம் பூரா மேற்கோள் காட்டறாங்க. நம்ம மாவட்டத்துக்கு அது பெருமை, சந்தேகமே இல்ல. அதே ஊர்ல, லைனுக்கு இந்தப் பக்கம், முப்பது வருஷ அனுபவஸ்தர் ஒருத்தர் நைட்ரஜன் இல்லாம பத்தவைக்கறார். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு லெவல் கிராஸிங் தூரம்தான். ஆராய்ச்சியாளர் வந்து ஃப்ரிட்ஜ் பத்தவைக்கணும்னு சொல்லல. உலோகத்தை இணைக்கறதுன்னா ஒரு பக்கம் முனைவர் பட்டம், இன்னொரு பக்கம் "கேஸ் அடிக்கிற ஆளு"ன்னு நாம பேர் வெச்சிருக்கோமே, அதைச் சொல்றேன். நான் படிச்சது வேற ஊர். முதல் வருஷ ஒர்க்‌ஷாப்ல அரம் தேய்ச்சோம், மரம் இழைச்சோம், ஆர்க் வெல்டிங் வெச்சோம். நாலு வருஷத்துல ஒரு செம்புக் குழாய் கூட பத்தவெச்சதில்ல. ஐடிஐல ரெண்டு வருஷம் ஏசி டெக்னீசியன் படிச்சுட்டு வர்ற பையனுக்கு இது தெரியும். ஆனா அவனை "நீ"ன்னும் என்னை "சார்"னும் கூப்பிடறது இந்த ஊர்.

*

சரி, என் எவாப்பரேட்டர் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? நைட்ரஜன்லயே அழுத்தம் ஏத்தி, சோப்புத் தண்ணி தடவி ராத்திரி பூரா விட்டோம், முள் அசையல. சிஸ்டத்துல சேர்த்து, வேக்கம் போட்டு, புரொபேன் அளந்து ஏத்தினதும் லோடு இல்லாம மைனஸ் 40ஐ ஒட்டிப் போச்சு. (குளிர்பதனத்துக்குன்னு விக்கற கேஸ். அடுப்பு சிலிண்டரைத் தொட நினைக்கறவங்களுக்கு: அது புரொபேனும் பியூட்டேனும் கலந்த கலவை, வாசனைக்கு வேற என்னமோ சேர்த்திருக்கும், வேண்டவே வேண்டாம்.) நம்ம கடலோரக் காத்துல 25 டிகிரிலயே பனி பிடிக்க ஆரம்பிச்சுடும், அதனால மதர்போர்டைச் சுத்தி பஞ்சு ரப்பர் சுத்தறதுக்கே ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. உபயோகம்? உண்மையைச் சொல்லணும்னா பெருசா இல்ல. இந்தக் காலத்து பிராசசர் தன்னைத்தானே ஓவர்க்ளாக் பண்ணிக்குது. 150 வாட்டைக் குளிர வைக்க ரெண்டு மடங்குக்கு மேல கரண்ட் இழுக்குது கம்ப்ரஸர். நெய்வேலி நிலக்கரிக்குப் பாவம்.

ஆனா நான் வேணும்னு சொல்ற பாடம் அதுக்கு வெளிய இருக்கு. எனக்குப் பொழுதுபோக்கா இருந்ததால நைட்ரஜனுக்குக் காசு கணக்குப் பாக்கல. பொழுதுபோக்குக்குக் குடுக்கத் தயாரா இருக்கற காசை, சாப்பாடு கெடாம காக்கற ஃப்ரிட்ஜுக்குக் குடுக்க மாட்டோம்ங்கறது என்ன நியாயம்?

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை மெக்கானிக் வந்தா எவ்ளோன்னு கேக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. "அண்ணே, பத்தவைக்கும்போது நைட்ரஜன் விடுவீங்களா? ராடு காட்மியம் இல்லாததா? டிரையர் புதுசு போடுவீங்களா? வேக்கம் பம்ப் இருக்கா?" மிரட்டற தொனில கேக்காதீங்க. "அதுக்கு தனியா எவ்ளோ ஆகும், நான் தர்றேன்"னு சேர்த்துச் சொல்லுங்க. பில்லுல தனி வரியா போடச் சொல்லுங்க. பத்தவைக்கும்போது ஜன்னலைத் திறந்து விடுங்க, ஃபேனைப் போட்டு விடுங்க, குழந்தைகளை வெளிய அனுப்புங்க. அபார்ட்மெண்ட் சங்கத்துல இருக்கறவங்க, வருஷம் பூரா ஏசி சர்வீஸ் நடக்கற இடத்துல, ஒரு சின்ன நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சங்கத்து செலவுல வாங்கி வெச்சா என்ன? ஜெனரேட்டருக்கு டீசல் போடறோம்ல. வர்ற மெக்கானிக் எல்லாருக்கும் குடுக்கலாம்.

இதுல கஷ்டப்படறவங்களும் உண்டுங்கறது தெரியும். முன்னூறு ரூபா கூடவே சிரமம்ங்கற வீட்டுக்கு நான் இதை எழுதல. எழுநூறு ரூபா பீட்சாவுக்கு டிப்ஸ் வெச்சுட்டு, மெக்கானிக்கை வாசப்படில நிக்க வெச்சு அம்பது ரூபாய்க்கு வாதாடற நமக்குத்தான் எழுதறேன்.

பேரம் பேசறதுக்கு ஊர்ல எவ்வளவோ இருக்கு. மூச்சுக்கு வேண்டாமே.

டிஸ்கி: ஃபேஸ் சேஞ்ச் செஞ்சு பார்க்க ஆசைப்படறவங்க, ஜ்வாலையை நீங்களே பிடிக்காதீங்க. தெரிஞ்ச கையைக் கூட்டிகிட்டு வாங்க, பக்கத்துல நின்னு கத்துக்கோங்க, அவர் சொல்ற கூலியை அப்படியே குடுங்க. உங்க ஊர்ல நைட்ரஜன் வெச்சு வேலை பாக்கற மெக்கானிக் யாராவது இருந்தா பின்னூட்டத்துல ஊர் பேரை மட்டும் போடுங்க, பாக்கலாம் எத்தனை ஊர் தேறுதுன்னு.